அரண்மனைத் திரையின் பின்பக்கம்

பையின் கயிற்றை அவிழ்த்ததும் முதலில் புகை வாசம் வந்தது. கொஞ்சம் பொறுத்து, அதற்கு அடியிலிருந்து வெல்லப்பாகின் வாசம். மூன்று வருடம் மூட்டையாகக் கிடந்த துணியில் அது எப்படித் தங்கியிருந்தது என்று எனக்கு விளங்கவில்லை. புதிதாக வந்திருக்கும் பி.டி. டீச்சருக்காக உன் விளையாட்டு அறையை ஒழித்துக்கொண்டிருந்தார்கள். "இது நீங்க வரைஞ்சதுன்னாங்க டீச்சர். வேண்டாம்னா தூக்கிப் போட்டரட்டுங்களா?" என்று புதிதாக வந்த அந்தப் பெண் கேட்டாள். வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இன்று அஷ்டமி. சாயங்காலம் புத்தகம், பேனா, தூரிகை எல்லாவற்றையும் பூஜைக்கு வைத்துவிட்டால் தசமி காலை வரை தொடக்கூடாது. அதற்குள் இதை உனக்கு எழுதி முடிக்க வேண்டும். நேரில் உன்னை வாங்க, போங்க என்றேதான் கூப்பிட்டேன். கோவிந்தாபுரத்துக்காரிக்கு வாயில் அதுதான் வரும். "ஏன் டீச்சர், மாமியார்ட்ட பேசுற மாதிரியே எங்கிட்டயும் பேசுற" என்று நீ சலித்துக்கொள்வாய். இன்று மட்டும் நீ என்று எழுதிக்கொள்கிறேன்.

அந்த வருடம் ஏழு மாதமாக எனக்குக் கை ஓடவில்லை. சிறுவர் புத்தகம் ஒன்றுக்குப் பன்னிரண்டு படம் வரைந்து அனுப்பியிருந்தேன். அழகாக இருக்கிறது, ஆனால் எல்லாமே எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கோபப்பட்டேன், அழுதேன். கடைசியில் படங்களை எடுத்துப் பார்த்தால் அவர்கள் சொன்னது சரிதான். என் மரமெல்லாம் ஒரே மரம், என் ராஜாக்களெல்லாம் ஒரே ராஜா, அரண்மனைகளெல்லாம் ஒரே அரண்மனை. அதன்பிறகு தினமும் தாளை விரித்து வைப்பேன், பென்சிலைச் சீவுவேன், மறுபடியும் சீவுவேன். பென்சில்தான் தீர்ந்தது. அந்த அஷ்டமி அன்று தூரிகைகளைப் பூஜைத் தட்டில் வைத்தபோது, அப்பாடா, இரண்டு நாளைக்கு யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம் என்று இருந்தது. பூஜை முடிந்ததும் புத்தகக்காரர்களுக்கு என்னால் ஆகாது என்று எழுதிவிடுவதாக முடிவு கட்டியிருந்தேன். இனி பிள்ளைகளுக்கு மாம்பழம் வரையச் சொல்லிக்கொடுத்தே காலத்தை ஓட்டிவிடலாம்.

அதை உன்னிடம் மட்டும்தான் சொன்னேன். நீ ஆறுதல் சொல்லவில்லை. "ரெண்டு நாளு தொடக்கூடாதுன்னா லீவுதான? வா, சைக்கிள்ல எங்க ஊர்ப் பக்கம் போயிட்டு வருவோம். கூடாரம் பள்ளிக்கூடத்துலயே கெடக்கு" என்றாய். உன் ஊர் மறையூருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட். "பஸ்ஸெல்லாம் என்ன, ஸ்ட்ரைக்கா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர். மறுநாள் விடியும் முன்பே வாசலில் உன் விசில் கேட்டது.

ஆனைமலை வழியாக உடுமலை வரைக்கும் நீ முன்னால், நான் பின்னால். கியர் இல்லாத லேடீஸ் சைக்கிள் எனக்கு. நான் பின்தங்கும்போதெல்லாம் திரும்பிக்கூடப் பார்க்காமல் விசில் ஊதினாய். தென்னந்தோப்பில் நின்றவர்களெல்லாம் என்னை வேடிக்கை பார்த்தார்கள். முதலில் எனக்கு மானம் போயிற்று, பிறகு முழங்கால் போயிற்று, அதற்குப் பிறகு எதைப் பற்றியும் கவலையில்லை. காட்டுக்குள் நுழையும் செக்போஸ்டில் யானை நடமாட்டம், சைக்கிளை விட முடியாது என்றார்கள். வெல்லம் ஏற்ற மறையூர் போய்க்கொண்டிருந்த பிக்கப்பை நீ கைகாட்டி நிறுத்தினாய். மூன்று மணிக்கு ஒரு கரும்பாலைக் கொட்டகை முன்னால் சைக்கிள்களோடு இறங்கினோம்.

அங்கேதான் நீ கூடாரப் பையைப் பிரித்தாய். உள்ளேயிருந்து வந்தது கூடாரம் இல்லை, பள்ளி ஆண்டு விழாவுக்கு நான் எழுதிய மேடைத் திரை. தூண்கள், சிம்மாசனம், இரண்டு பக்கமும் மயில். அறையில் இரண்டு பை ஒரே மாதிரி கிடந்ததாம். எந்த அரண்மனையைப் பார்க்கச் சகிக்காமல் ஓடி வந்தேனோ, அதையே எண்பது கிலோமீட்டர் சுமந்து வந்திருந்தோம். கொப்பரையில் கரும்புப்பாலைக் கிண்டிக்கொண்டிருந்த பொன்னுத்தாயி அக்கா எட்டிப் பார்த்தாள். "ஏம்மா, தங்க வீடு கெடைக்காதுன்னு அரமனையவே தூக்கிட்டு வந்துட்டீகளா?" என்றாள். நீ தரையில் உட்கார்ந்து சிரித்தாய். அவளிடம் கேட்டுக்கொண்டு, கொட்டகைத் தூணுக்கும் கொய்யா மரத்துக்கும் நடுவில் திரையைச் சாய்ப்பாகக் கட்டினோம்.

வேறு வேலை இல்லாததால் நான் கொப்பரைப் பக்கம் போய் நின்றேன். ஆவி மேலே எழும்பும்போது பொன்னுத்தாயி அக்காவின் முகம் மறையும். கை மட்டும் தெரியும். பாகு இறுகியதும் மரத்தொட்டியில் ஊற்றி, சூடு அடங்கும் முன்பே உருண்டை பிடித்தார்கள். ஒவ்வொரு உருண்டையிலும் பிடித்தவர் விரல் பதிந்திருந்தது. என் விரல் அரிப்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"ஏனுங்க, ஒரு பேனா இருக்குதுங்களா?"

"இருக்கு. தரமாட்டேன். பூஜைல வச்சிருக்கல்ல?"

"நீங்க வேதக்காரங்க. உங்களுக்கு எதுக்குங்க எங்க பூஜை?"

"உங்க சாமியோ எங்க சாமியோ, வச்சது வச்சதுதான். நாளைக்குப் பாரு."

உன் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம். ராத்திரி அரண்மனைக்குக் கீழே படுத்துக்கொண்டு, ஆவிக்குள் தெரிந்த அந்தக் கையையே நினைத்துக்கொண்டிருந்தேன். நீ குறட்டை விட்டாய்.

விடிந்ததும் உன்னை உலுக்கினேன். நீ அப்போதும் விடவில்லை. வீட்டுக்குப் போன் போட்டு, பூஜை எடுத்தாச்சா என்று கேட்டுச் சொல்லச் சொன்னாய். "இப்பத்தான் எடுத்தேன், ஏன்?" என்றார் அவர். கேட்டதும் நீ அடுப்போரத்திலிருந்து ஒரு விறகுக் கரியை எடுத்து வந்து என் உள்ளங்கையில் வைத்தாய். தாள் இல்லை. திரையின் பின்பக்கம்தான் வெறும் துணியாக இருந்தது. நீ எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என் சைக்கிளுக்குக் காற்றடிக்க உட்கார்ந்தாய். நான் அந்த முதுகையே வரைந்தேன். ஒரு தரம்கூடக் கை தயங்கவில்லை.

"மூஞ்சியே இல்லையே" என்றாய் பார்த்துவிட்டு. பிறகு, "ஆனா நாந்தான்னு தெரியுது. போதும்" என்றாய். துணியை மடிக்கும்போது, கரி அழியாமல் இருக்க என்ன செய்வார்கள் என்று கேட்டாய். "கஞ்சித் தெளிவைத் தெளிச்சு உட்டாப் போதுங்க" என்று ஏதோ நினைப்பில் சொன்னேன்.

புத்தகக்காரர்களிடம் அவகாசம் கேட்டேன், பன்னிரண்டு படத்தையும் புதிதாக வரைந்தேன், புத்தகம் வந்தது. அது உனக்குத் தெரியும். திரையில் தீப்பொறி பட்டுச் சிம்மாசனத்தில் ஓட்டை விழுந்துவிட்டது, இனி மேடைக்கு ஆகாது என்று நீ தலைமையாசிரியரிடம் சொன்னாய். அடுத்த வருடத்திலிருந்து ஃப்ளெக்ஸ்தான். "துணிய நான் பாத்துக்கிறேன்" என்றாய். துவைத்துப் போட்டிருப்பாய் என்று நானும் கேட்கவில்லை.

போன வருடம் ஆடி மழையில் காய்ச்சல் என்று படுத்தாய். நாலு நாளில் உன்னை உன் எஸ்டேட்டுக்கே கொண்டுபோய் அடக்கம் செய்தோம். அன்றிலிருந்து நான் ஒரு கோடு போடவில்லை. அந்த ஏழு மாதத்தைப் போல இதுவும் கடந்துவிடும் என்று சொல்லிக்கொள்வேன். ஆனால் இந்தத் தடவை வாசலில் வந்து விசில் ஊத ஆளில்லை. இத்தோடு தீர்ந்தது என்று பயந்துகொண்டேதான் இருந்தேன்.

இன்று மதியம் திரையைக் கூடத்தில் விரித்தேன். அரண்மனைப் பக்கம் வெளுத்துக் கிடந்தது. திருப்பும்போது துணி மொடமொடவென்றது. சேறு காய்ந்திருக்கும் என்று நினைத்தேன். இல்லை, கஞ்சி. மூலைக்கு மூலை, ஒரு இடம் விடாமல் தெளித்திருக்கிறாய். மடிப்பு விழுந்த இடத்தில் மட்டும் கரி கொஞ்சம் உதிர்ந்திருக்கிறது. மற்றபடி நீ அப்படியே உட்கார்ந்து என் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருக்கிறாய்.

வாய்விட்டு அழுதேன். அழுது முடித்தபோது, உன் இடது தோளை இன்னும் கொஞ்சம் இறக்கியிருக்கலாமே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் பென்சில் இருந்தது. எப்போது எடுத்தேன் என்று தெரியவில்லை.

வீட்டுக்காரர் விளக்கைத் துடைத்து வைத்துவிட்டுக் கூப்பிடுகிறார். இந்தப் பேனாவையும் பென்சிலையும் தட்டில் வைக்க வேண்டும். தசமி காலை வரை பொறுத்திருக்க வேண்டும், நீ விதித்தபடி. என்னால் பொறுக்க முடியவில்லை. அது போதும் எனக்கு.