நான் மறுபடி கேட்காத ஒரு 'சரி'

தானா ராத்தா
18.3.1984

அன்பு மகள் ரமணிக்கு அம்மா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் தம்பியும் குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் அந்தச் சரவாக் ஆற்றோரத்தில் காய்ச்சல் சளி இல்லாமல் இருக்கிறாய் என்று உன் கையெழுத்தைப் பார்த்தால்தான் என் மனசு அடங்கும். உன் கடிதம் புதன்கிழமை வந்தது, அப்பா வாசலில் நின்றே பிரித்துப் படித்துவிட்டு என்னிடம் கொடுத்தார். அவருக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை, லெம்பா பெர்த்தாமில் நம் காய்கறி நிலத்தில் போட்ட கோஸ் நன்றாக வந்திருக்கிறது, அதைப் பார்க்கப் போவதற்கு மட்டும் முழங்கால் வலிப்பதில்லை. தம்பி பரீட்சைக்குப் படிக்கிறான் என்று சொல்கிறான், நானும் நம்புகிறேன். இங்கே பத்து நாளாக விடாத மழை, உடுப்பு ஒன்றும் காயவில்லை, அடுப்படியில்தான் கொடி கட்டியிருக்கிறேன்.

உன் வேலை விஷயத்துக்கு வருகிறேன். ஐந்து பேர் ஐந்து இடத்தில் தனித்தனியாக உட்கார்ந்துகொண்டு, காலையும் மாலையும் ஆற்றுத் தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று ஒயர்லெஸ்ஸில் மட்டும் பேசிக்கொள்வது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும் கண்ணு. உனக்கு மேலே இருக்கிற நிலையத்தில் அந்த விஜயன் எதைக் கேட்டாலும் ஒரு வார்த்தையில் பதில் சொல்லி மெஷினை மூடிவிடுகிறான், அவன் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை, இனி அவனிடம் தண்ணீர் அளவை மட்டும் சொல்லி அளவை மட்டும் வாங்கிக்கொள்வேன், வேறு ஒரு பேச்சும் கிடையாது என்று எழுதியிருக்கிறாய். உன் பெரிய அதிகாரிக்கு அவனைப் பற்றி எழுதி இன்னும் அனுப்பாமல் இருக்கும் புகாரின் நகலையும் கூடவே வைத்திருக்கிறாய். படிக்கும்போது உன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, பாவமாகத்தான் இருந்தது. யாருமில்லாத இடத்தில் காதில் விழுகிற நாலு குரலில் ஒன்று முகத்தைத் திருப்பிக்கொண்டால் வலிக்காமல் என்ன செய்யும். ஆனால் உனக்குச் சொல்லாத ஒன்றை இன்றைக்குச் சொல்லவேண்டியிருக்கிறது.

நீ பள்ளிக்கூடத்தில் படித்தபோது நம் தேயிலைத் தோட்டத்தில் லோரி சரிந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். அது ஏன் சரிந்தது என்று உனக்குத் தெரியாது. அப்போது நான் பெரிய ஆபீஸில் டெலிபோன் போர்டில் இருந்தேன். ஏழு மைல் மேலே தோட்டத்தின் மூன்றாம் டிவிஷனுக்கு நல்லுசாமி என்று கணக்கெழுதும் கிராணி ஒருவர் வேறு தோட்டத்திலிருந்து புதிதாக வந்திருந்தார். இரண்டு வருஷம் அவர் குரலை மட்டும்தான் எனக்குத் தெரியும். தினமும் காலை ஆறரைக்கு மணி அடிப்பார், எத்தனை ஆள் வேலைக்கு, ரோடு எப்படி, லோரி எங்கே போகவேண்டும், அவ்வளவுதான் பேச்சு. நான் எது சொன்னாலும் "சரி" என்று சொல்லி வைத்துவிடுவார். அது போகட்டும் என்றுதான் இருந்தேன். உன் தாத்தா இறந்து காரியம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய அன்று, இத்தனை நாள் எங்கே போனேன் என்று அவருக்குத் தெரியட்டுமே என்று, "எங்கப்பா தவறிட்டாரு கிராணி ஐயா"ன்னு சொன்னேன். அந்தப் பக்கத்திலிருந்து, "சரி, ரொம்ப நல்லது" என்று பதில் வந்தது, டக்கென்று போனும் வைத்தாயிற்று. போர்டு முன்னால் உட்கார்ந்து அழுதேன் ரமணி. அன்றிலிருந்து அவரிடம் உரக்கப் பேசுவதை நிறுத்தினேன். சொல்லவேண்டியதைச் சன்னமாக, வேகமாகச் சொல்லி, அவர் வைப்பதற்கு முன்னால் நானே இணைப்பைப் பிடுங்கிவிடுவேன். அதில் எனக்கு ஒரு திருப்தி.

நவம்பர் மழையில் ஒரு வியாழக்கிழமை, மேல் ரோட்டில் ஐந்தாவது மைல் கிட்டே மண் இறங்கியிருக்கிறது என்று தோட்ட மேனேஜர் துரைக்குத் தகவல் வந்தது. மூன்றாம் டிவிஷனுக்கு உடனே சொல்லச் சொன்னார். நான் சொன்னேன், "மேல் ரோட்ல லோரி வேணாம், பொம்பளைங்க நடந்தே கீழ வரட்டும்." லைன் மழையில் இரைந்துகொண்டிருந்தது. அவர் "சரி" என்றார். அந்தச் 'சரி' கொஞ்சம் தடுமாறியது, எனக்கு அது கேட்டது. கேட்டதா ஐயா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இவருக்கு எதுக்கு ரெண்டு தடவை சொல்லணும் என்று பிடுங்கிவிட்டேன். அவர் காதில் விழுந்தது மேல் ரோடு, லோரி, பொம்பளைங்க கீழே வரட்டும், இவ்வளவுதான். பதினான்கு பேரை ஏற்றி அனுப்பிவிட்டார். ரோட்டின் ஓரம் உடைந்து லோரி சாய்ந்தது, ஒரு மரம் தடுத்ததால் பள்ளத்துக்குப் போகவில்லை. மற்றவர்களுக்குச் சிராய்ப்போடு போயிற்று. கொழுந்து எடுக்கிற பாஞ்சாலைக்கு மட்டும் வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயசு.

துரை விசாரித்தபோது, லோரியை அனுப்பச் சொன்னது போர்டு அம்மாதான் என்று நல்லுசாமி சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ரோடு சரியானதும் கொழுந்து லோரியில் ஏறி, அந்த மனுஷனை நேருக்கு நேர் கேட்டுவிடுவது என்று மேலே போனேன். ஆபீஸ் வாசலில் நின்று மூன்று தரம் கூப்பிட்டேன், குனிந்து எழுதிக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை. அவர் மனைவி அம்சவல்லி உள்ளேயிருந்து ஓடிவந்து அவர் தோளைத் தொட்டாள். அப்போதுதான் திரும்பினார். அவருக்குக் காது கேட்கவில்லை என்பது அங்கேதான் எனக்குப் புரிந்தது. ஒரு காது அடியோடு போய்விட்டது, இன்னொன்றில் பாதிதான். "காது கேக்காத கிராணிய எந்தத் தோட்டத்துல வச்சுக்குவாங்க, சொல்லுங்கம்மா? மூணு பிள்ளைங்க இருக்குலா"ன்னு அம்சவல்லி அழுதாள். தினமும் கேட்கிற கேள்வி ஒன்றே என்பதால் ஊகித்து ஓட்டியிருக்கிறார். நான் முன்னே உரக்கப் பேசிக்கொண்டிருந்த வரைக்கும் கொஞ்சமாவது கேட்டிருக்கிறது, அப்புறம் அதுவும் இல்லை. என் அப்பா இறந்ததைச் சொன்னேனே என்று அவர் காதருகே போய்க் கேட்டேன். எழுந்து நின்றுவிட்டார். "உங்கப்பாவா? நான் என்னம்மா சொன்னேன்?" என்றார். ரொம்ப நல்லது என்று சொன்னீர்கள் என்றேன். அந்த மனுஷர் முகத்தை மூடிக்கொண்டதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

துரையிடம் நானே போய்ச் சொன்னேன், அவருக்குக் காது கேட்கவில்லை, கேட்டதா என்று நானும் கேட்கவில்லை, கோபத்தில் வேண்டுமென்றே விட்டேன் என்று. இரண்டு பேருக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது, வேலை போகவில்லை. அதற்கப்புறம் போனை அம்சவல்லிதான் எடுப்பாள். நான் சொன்னதை அவள் அப்படியே எனக்குத் திருப்பிச் சொல்லவேண்டும், பிறகு எழுதி அவரிடம் காட்டவேண்டும். கெட்ட செய்தி இருந்தால் அதைத்தான் முதலில் சொல்வோம். வேலை முடிந்ததும் என்ன குழம்பு, பிள்ளைக்கு இருமல் நின்றதா என்று ஒரு நிமிஷம் பேசுவோம். அந்த ஒரு நிமிஷத்தில்தான் அவள் குரல் என்றைக்குச் சரியில்லை என்று எனக்குத் தெரிய ஆரம்பித்தது.

ஆஸ்பத்திரியில் பாஞ்சாலையைப் பார்த்து நடந்ததையெல்லாம் சொன்னேன். கட்டுப் போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கோவம் உங்களோடது, காலு என்னோடதாக்கா?" என்று கேட்டாள். மலை ஏறிக் கொழுந்து எடுக்க முடியாமல் இப்போது பிள்ளைக் கொட்டகையில் ஆயாவாக இருக்கிறாள்.

விஜயன் நல்லவன் என்று நான் சொல்லவரவில்லை, நிஜமாகவே திமிர் பிடித்தவனாகவும் இருக்கலாம். ஆனால் அது உனக்கு இன்னும் தெரியாது. அந்தப் புகாரைத் தபாலில் போடாதே. அடுத்த படகில் ஏறி ஒரு தடவை அவனைப் போய்ப் பார், அவன் எப்படிப்பட்ட இடத்தில் உட்கார்ந்திருக்கிறான் என்று பார். அதற்குப் பிறகும் அனுப்பத் தோன்றினால் அனுப்பு, அம்மா தடுக்கமாட்டேன். அதுவரைக்கும் அளவை மட்டும் சொல்லி மூடாதே, அவனைத் திருப்பிச் சொல்லச் சொல், நீயும் சொல். ஆற்றோரத்தில் ஊரே ஒரே கூரைக்குக் கீழே வாழ்கிற நீள வீடுகளில் இருக்கிறவர்களுக்கு உங்கள் மனஸ்தாபம் தெரியாது, தண்ணீர் வருவது மட்டும்தான் தெரியும்.

இதை உனக்கு எழுதலாமா என்று நேற்று பாஞ்சாலையிடம் போய்க் கேட்டேன், அவள் கதையும் அல்லவா இது. ஒரு பிள்ளையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே, "எழுதுங்கக்கா, ரமணிக்குத் தெரியட்டும்லா. ஆனா நான் மன்னிச்சுட்டேன்னு மட்டும் எழுதிடாதீங்க, அத நான் இன்னும் சொல்லல" என்றாள். அதனால் அப்படியே எழுதியிருக்கிறேன்.

உனக்கு எந்தக் குறையும் வராமல் தெய்வம் காக்கட்டும், தீர்க்காயுசாக இரு. தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி, படகில் ஏறும்போது மிதவைச் சட்டையை மறக்காதே, போய்வந்த மறுநாளே எழுது.

உன் நினைவாகவே இருக்கும் அம்மா
நீலாவதி