மேல்படி

மார்ச் 3
மாடியறையில் இருக்கும் அக்கா படியில் விழுந்துவிட்டாள். மணிக்கட்டில் மாவுக்கட்டு. டாக்டர் கேட்டதற்கு, தலை சுற்றியது என்று அவளாகவே சொன்னாள். நானும் தலையாட்டி வைத்தேன்.

மார்ச் 4
ஆஸ்பத்திரியிலிருந்து நேராகத் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கிருந்து போனில் சொன்னாள், "இனிமே இங்கயே இருந்துக்கறேன்டா. அந்த மாடியெல்லாம் எனக்கு ஆகாது." குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

மார்ச் 9
இன்ஜினியர் வந்து படிகளை அளந்தார். மேலே கடைசிப் படி மட்டும் மற்றவற்றைவிட இரண்டு விரல் உயரம். போன வருஷம் மாடியில் பழைய தரையை உடைக்கச் சோம்பல்பட்டு, அதன் மேலேயே டைல்ஸ் ஒட்டச் சொன்னது நான்தான். தரை உயர்ந்தது, கூடவே மேல்படியும். எல்லாப் படியும் ஒரே உயரம் இருக்க வேண்டும், கைப்பிடி வேண்டும், அதுதான் விதி என்றார். ஒன்றை மட்டும் திருத்த முடியாதாம்; மொத்தமாக இடித்துக் கட்ட வேண்டும்.

டைல்ஸ் போட்ட புதிதில் அக்கா சொன்னாள், மேல்படி காலை இடிக்கிறது என்று. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றேன், எல்லார் முன்னாலும். வீடே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

கூடம் கோணலாகத்தான் இருந்திருக்கிறது. கூசுகிறது.

மார்ச் 10
உண்மையைச் சொல்லத்தான் போன் செய்தேன். கை வலிக்கிறதா, சாப்பிட்டாயா — அதோடு வைத்துவிட்டேன். என்ன மனுஷன்டா நீ?

மார்ச் 22
இடிக்கிறார்கள். சாப்பாட்டுத் தட்டில்கூட சிமென்ட் தூசி. அக்காவிடம் சொல்லியாயிற்றா என்று மனைவி கேட்டாள். காது கேளாதவன்போலக் கல் அள்ளப் போனேன்.

ஏப்ரல் 17
படி முடிந்தது. பழக்கதோஷம், மேலே போனதும் எல்லாரும் காலை அநியாயத்துக்குத் தூக்குகிறோம். அப்படியென்றால் அத்தனை பேருக்கும் அந்தப் படி தெரிந்திருக்கிறது. ஒருத்தராவது வாயைத் திறந்தோமா?

ஏப்ரல் 19
அக்காவை அழைத்துவந்தேன். ஏறுவதற்கு முன்பே எல்லாவற்றையும் சொன்னேன். கைப்பிடியைப் பிடித்தபடி மேல்படியை அண்ணாந்து பார்த்தாள்.

"என் காலுதான் போயிடுச்சுன்னு நெனச்சேன்டா. அந்த பயத்துலதான் வெளிய தெருவ போறதையே விட்டேன்."

வயசாகிவிட்டது, அதான் அடங்கிவிட்டாள் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். மன்னித்துக்கொள் என்று சொல்ல ஆரம்பித்தேன், அழுகை முந்திக்கொண்டது. அவள் அழவில்லை. என்னைத் தேற்றவும் இல்லை.

ஏப்ரல் 26
காலையில் அக்கா அறையில் இல்லை. யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வெளியே கிளம்பியிருக்கிறாள். பெட்டி அப்படியே இருக்கிறது, செருப்பை மட்டும் காணோம். மத்தியானமும் ஆகிவிட்டது. போய்ப் பார்த்துவிட்டு வாங்களேன் என்கிறாள் மனைவி.

வேண்டாம், அவளே வருவாள் என்றேன்.