ஞாயிற்றுக்கிழமை போட்ட கோடு

மார்ச் 1, வெள்ளி

பதினாறு வருடமாக இதே வேலை. பாழாய்க் கிடக்கும் இடத்தை, அங்கே குடியிருப்பவர்களோடு உட்கார்ந்து பேசித் திட்டம் போட்டு, நகராட்சியோடு மல்லுக்கட்டி மீட்டுக் கொடுப்பது. பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் குப்பை கொட்டும் பொட்டல்தான் என் பன்னிரண்டாவது இடம். அடுத்த வெள்ளிக்குள் தெருக்காரர்களின் கையெழுத்தோடு வரைபடத்தைக் கொடுத்துவிட்டால் இந்த வருடமே வேலை தொடங்கிவிடும். கொடுத்துவிடுவேன். நானாவது, தவறவிடுவதாவது!

மார்ச் 3, ஞாயிறு

அமர்க்களம்! காகிதத்தில் இருப்பதை அதே அளவில் தரையில் சுண்ணாம்புப் பொடியால் வரைந்துவிடுவது என் வழக்கம். ஜனங்கள் அதற்குள் நடந்து பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். பால்காரம்மா, பெஞ்சு வரப்போகும் கட்டத்துக்குள் சப்பணமிட்டு உட்கார்ந்து, "இங்கேருந்து பாத்தா என் மருமக வர்றது நல்லாத் தெரியுது" என்றார். ஒரே சிரிப்பு. அறுபத்திரண்டு வீடும் கையெழுத்துப் போட்டாயிற்று. "இனி இதுல ஒரு கோடுகூட மாறாது" என்று எல்லார் முன்னிலையிலும் அறிவித்தேன். கைதட்டினார்கள்.

மார்ச் 4, திங்கள்

புகைப்படம் எடுக்கப் போனேன். மரத்தடி மூலையில், நான் வரைந்த பூச்செடிப் பாத்திக்கு நட்டநடுவே, ஒருவர் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருக்கிறார்.

"எப்பலேருந்து இங்க கடை போடுறீங்க?"

"பதினோரு வருஷம் ஆச்சுங்க. ஞாயித்துக்கெழம மட்டும் லீவு."

நான் இந்த இடத்துக்கு எட்டு முறை வந்திருக்கிறேன். எட்டும் ஞாயிறு! ஜனங்கள் வீட்டில் இருக்கும் நாள் என்று ரொம்பப் புத்திசாலித்தனமாகத் தேர்ந்தெடுத்த நாள். ஒருவராவது சொல்லக்கூடாதா? பால்காரம்மாவைக் கேட்டால், "உங்களுக்குத் தெரியும்னுதான் நெனச்சோம். வேற எடம் குடுத்திருப்பீங்கன்னு..." என்று இழுக்கிறார்.

சைக்கிள்காரர் கோட்டைப் பார்த்தார். "இங்க பூச்செடியா? அப்ப நான் எங்கங்க போறது?"



மார்ச் 5, செவ்வாய்

எங்கள் இன்ஜினியர் கத்துகிறார். "ஒரு ஆளுக்காக அறுபத்திரண்டு கையெழுத்தத் தூக்கிப் போடுவீங்களா? அவரு வேற எடம் பாத்துக்குவாரு, விடுங்க."

எங்கே பார்ப்பார்? பஸ் நிறுத்தத்தை ஒட்டி நிழல் இருப்பது அந்த ஒரு மரத்தடியில்தான். அங்கிருந்து கிளப்பினால் அவர் பிழைப்பு போயிற்று. நான் வாயைத் திறக்காவிட்டால் என் தப்பு நகராட்சியில் யாருக்கும் தெரியப்போவதில்லை. — எனக்குத் தெரியுமே!

"சுண்ணாம்புதானே, அழிச்சிட்டு வேற போடேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

"கோட்ட அழிச்சிடலாம். பெருசாப் பேசின பேச்ச எப்படி அழிக்கிறது?"

"அதுக்கு ஒரு டம்ளர் தண்ணியக் குடிச்சிட்டு முழுங்கிடு."

நக்கல். ஆனால் மனுஷன் சொல்வதும் சரிதான்.

மார்ச் 6, புதன்

காலை ஏழு மணி, பஸ்ஸுக்கு எல்லாரும் நிற்கும் நேரம். உரக்கச் சொன்னேன்: "தப்புப் பண்ணிட்டேன். இவரக் கேக்காமலே கோடு போட்டுட்டேன்."

தபால்காரர் விடுவாரா? "ஒரு கோடுகூட மாறாதுன்னீங்களே, மேடம்?"

"சொன்னேன். முழுங்கிட்டேன்."

சிரித்துவிட்டார்கள். சுண்ணாம்பு டப்பாவை சைக்கிள்காரர் கையில் கொடுத்தேன். அவர் முறம் அளவுக்கு ஒரு கட்டம் போட்டு, "இது போதுங்க" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "சைக்கிள எங்க கவுப்பீங்க, தலை மேலயா? பெருசாப் போடுங்க!"

பெரிதாகப் போட்டார். பிறகு தயங்கித் தயங்கி, "இன்னொன்னு சொல்லட்டுங்களா? நீங்க போட்ட பாதையில ஒருத்தரும் நடக்க மாட்டாங்க. பஸ்ஸப் பாத்ததும் குறுக்கதான் ஓடுவாங்க" என்றார்.

பஸ் வந்தது. நான் வரைந்த இரண்டு பெஞ்சுகள் மேலேயே ஏறி ஏழு பேர் ஓடினார்கள். தபால்காரரும்தான்.

பாதையையும் மாற்றினேன்.

மார்ச் 8, வெள்ளி

இரண்டு நாளாக வீடு வீடாக ஏறி இறங்கிக் கால் கழன்றுவிட்டது. கொடுத்தாயிற்று. இந்த முறை அறுபத்து மூன்று கையெழுத்து.

ஜூன் 23, ஞாயிறு

திறப்பு விழா. பக்கத்துத் தெருக்காரர்கள் தங்களுக்கும் கோடு போட வரச்சொன்னார்கள். ஏழு நாளும் வந்து பார்த்துவிட்டுத்தான் போடுவேன் என்று சொல்லியிருக்கிறேன்.

சைக்கிள்காரரைக் கூப்பிட்டிருந்தேன். "ஞாயித்துக்கெழம லீவுங்க" என்று சொல்லிவிட்டார்! பெஞ்சில் இடமில்லை, பாதையில் இடமில்லை, அவ்வளவு கூட்டம். மரத்தடி மூலை மட்டும் காலி. யாரோ ஸ்கூட்டரை அங்கே கொண்டுபோய் நிறுத்தப் பார்த்தார். நான் வாய் திறப்பதற்குள் பால்காரம்மா சத்தம் போட்டார்: "அங்க நிறுத்தாத! ஆளு இருக்கற எடம் அது!"