முனீஸ்வரன் காலடியில் என் இரும்புச் செருப்பு

ஜனவரி 7, புதன்
காலையில் மூட்டம். ஏழு மணிக்கே கரண்ட் போயிற்று. தோள் பரவாயில்லை, ஈரத் துணி பிழிந்தால் மட்டும் சுருக்கென்கிறது. பந்தயத்தில் விழுந்து முறிந்த எலும்பு ஒட்டி மூன்று மாதம். ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஞாயிறு மோட்டார் சைக்கிள் பந்தயம்.

பந்தயம் நடத்துகிற பர்மியப் பெரியவர் ஊ தின் போன் செய்தார். ஓட்டுகிறவர் பட்டியலில் என் பெயர் இல்லையாம். பதினான்கு வருடம் ஓட்டியதற்கு மரியாதையாக மாலை, கொடியோடு மெதுவாக ஒரு சுற்று, பிறகு மேடையில் நாற்காலி. முப்பத்தெட்டு வயதில் நாற்காலி. பெயரைப் போடச் சொன்னேன். யோசிப்பாராம். யோசிக்கட்டும்.

எடுத்து வைக்க: கையுறை, கண்ணாடி, தோள் கட்டு, இரும்புச் செருப்பு.

செருப்பைக் காணோம்.

ஜன. 8, வியாழன்
கட்டிலடி, பரண், அரிசி டின்னுக்குப் பின்னால். எங்கும் இல்லை. கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா தலை நிமிரவே இல்லை. அப்போதே தெரிந்துவிட்டது.

"முனீஸ்வரனுக்குக் குடுத்துட்டேன். ஒன் எலும்பு ஒட்டுனா அந்த இரும்பக் காணிக்கையா வைக்கிறேன்னு நேந்துக்கிட்டேன். ஒட்டிருச்சில்ல?"

எலும்பு என்னுடையது, செருப்பு என்னுடையது, வேண்டுதல் மட்டும் இவளுடையது. கோபத்தில் சாப்பிடவில்லை. பிறகு பசித்தது. நின்றபடியே சாப்பிட்டேன்.

ஜன. 9, வெள்ளி
ஆபீஸுக்கு லீவு. வீடு இருக்கும் தின்கன்ஜூனிலிருந்து பஸ், க்யிம்யிண்டைங் கோயில். முனீஸ்வரன் காலடியில் அரிவாள்களுக்கு நடுவே என் செருப்பு. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மேலே ஒரு எலுமிச்சம்பழம். நான் என் செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து இதைப் பார்க்கிறேன். சிரிப்பு வந்தது. அடக்கவில்லை.

ஏதோ மிஷின் பாகம் என்று அம்மா பூசாரியிடம் சொல்லியிருக்கிறாள். இடது பூட்ஸுக்கு அடியில் கட்டுவது, எங்கள் வண்டிக்குப் பிரேக் கிடையாது, எல்லா வளைவும் இடப்பக்கம், அந்தக் காலைத் தரையில் ஊன்றித் தேய்த்துத்தான் திரும்புவோம் என்று விளக்கினேன். காலில் போடுவதா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஆனாலும் தரவில்லை.

"வச்சது வச்சதுதாம்மா. ஆனா ஓட்டாதேன்னு சாமி சொல்லல. வேற செஞ்சுக்க."

அங்கிருந்து நேரே ஆற்றுக்கு அப்பால், லைங் தாயா. வெல்டிங் கடை கோ ஸோ என் காலை இரும்புத் தகட்டின் மேல் வைத்துச் சாக்பீஸால் வரைந்தார். வண்டியும் அவர் கொட்டகையில்தான் நிற்கிறது. நகரத்துக்குள், என் வீட்டுப் பக்கம், மோட்டார் சைக்கிளே தடை. பந்தயக்காரி ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போகிறேன். பதினான்கு வருடமாக இந்தக் கூத்து.

ஜன. 10, சனி
புதுச் செருப்பு. பழையதைவிடக் கனம். ஒளிக்கவில்லை, மேசை மேலேயே வைத்தேன். அம்மாவிடம் சொல்லிவிட்டேன்: "சாமிக்குக் குடுக்க வேண்டியதக் குடுத்தாச்சு. நாளைக்கு நான் ஓட்டுறேன். இதையும் கொண்டுபோய்க் குடுத்தா வெறும் பூட்ஸோட ஓட்டுவேன்."

அவளுக்குப் பயம். எனக்கும்தான். விழுந்தபோது எலும்பு முறிந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அதற்காக நாற்காலியில் உட்கார முடியாது.

ஜன. 11, ஞாயிறு
நல்ல வெயில். திடலில் புல் காய்ந்து ஒரே தூசி. ஊ தின் மாலையோடு நின்றார். வாங்கி அவர் கழுத்திலேயே போட்டேன். கூட்டம் சிரித்தது. வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்க் கோட்டில் நின்றேன். நகரவில்லை. கடைசியில் பட்டியலில் என் பெயரைப் பேனாவால் எழுதினார்.

நாலு சுற்று. முதல் வளைவில் காலை ஊன்றத் தயங்கினேன். இரண்டாவதில் தகடு தரையைப் பிடித்தது. அப்புறம் எதையும் நினைக்கவில்லை. மூன்றாம் இடம். முன்னால் போன இரண்டு பேருக்கும் என் வயதில் பாதி. இருந்தாலும் மூன்று போதாது.

இறங்கினால் கயிற்றுக்கு அந்தப் பக்கம் குடையோடு அம்மா. பதினான்கு வருடத்தில் முதல் தடவை. சொல்லாமல் இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள்.

"கண்ண மூடிக்கிட்டேன். சத்தம் நின்னப்பறந்தான் தொறந்தேன்."

ஜன. 12, திங்கள்
உடம்பெல்லாம் வலி. தோள் இருக்கிறது. எழுந்ததும் மேசையைப் பார்த்தேன். செருப்பு இல்லை. அம்மாவும் இல்லை. கோயிலுக்கே போய்ப் பிடுங்கி வருவதென்று வாசலுக்கு ஓடினேன்.

வாசலில், என் ரப்பர் செருப்புக்குப் பக்கத்தில் இருந்தது. அம்மா மண் கழுவி, எண்ணெய் தடவி வைத்திருக்கிறாள். மஞ்சள் இல்லை, குங்குமம் இல்லை.