கோணல் தராசு

டீச்சர்,

இன்று காலை அந்தக் கண்ணாடி அலுமாரியைத் திறந்தார்கள். துருவும் ஊறிய உப்பும் கலந்த வாடை நான் பாடம் எடுத்துக்கொண்டிருந்த வகுப்பு வரைக்கும் வந்தது. நீங்கள் போன பிறகு அதைத் திறப்பது இதுதான் முதல் தடவை. உங்கள் ஞாபகம் வந்தது, கூடவே ஆத்திரமும் வந்தது.

அதற்குள்தான் உங்கள் பரிசுத் தராசு. உடுப்புக் கொளுவும் கம்பியின் இரு முனையிலும் யோகட் கோப்பைகள், எடைக்கு உப்புப் பொட்டலங்கள். நம் பக்கத்தில் உப்புக்கென்ன பஞ்சம்! பால்மாப் பெட்டியில் வெட்டிய மணிக்கூடு, சோடா மூடிகளில் கோத்த எண் மாலை எல்லாம் பக்கத்தில் இருக்கின்றன. கண்காட்சியில் அவற்றுக்குப் பரிசு கிடைத்ததுதான் வினையாகிப் போனது. அதிபர் அலுமாரி வாங்கிப் பூட்டி, பூட்டின் திறப்பைத் தன் மேசை லாச்சிக்குள் போட்டுக்கொண்டார்.

"புள்ளைகள் உடைச்சிப் போடும் டீச்சர். நாலு பெரிய மனுசர் வந்தா காட்ட வாணாமா?"

"உடையட்டும் சேர். குப்பையிலதானே செஞ்ச? இன்னொன்டு செஞ்சாப் போச்சு."

திறப்பு கிடைக்கவில்லை. நீங்கள் மறுபடி செய்தீர்கள். அழகாக இருந்ததால் அதுவும் அலுமாரிக்குள் போனது. தாங்கள் வீட்டிலிருந்து பொறுக்கி வந்த மூடிகளைப் பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அன்று அதிபருக்குச் சொல்ல வேண்டியதை எனக்குச் சொன்னீர்கள். "மன்னாரில ஊட்டைப் பூட்டி, திறப்பைக் கையில எடுத்துட்டுத்தான் வந்த நாங்க. சண்டை முடிஞ்சி போய்ப் பாத்தா கதவுமில்ல, ஊடுமில்ல. பூட்டி வெச்சா பத்திரம் என்டு எனக்கு ஆரும் சொல்ல வாணாம்."

நீங்கள் அடுத்துச் செய்த தராசைப் பார்த்து நான் மூக்கைச் சுளித்தேன். கம்பி கோணல், தும்பு சுரண்டாத தேங்காய்ச் சிரட்டைகள், ஒரு சொட்டு வர்ணமில்லை. "அழகாச் செஞ்சா களவு போகும்," என்றீர்கள் மெல்ல. அதிபர் பார்த்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். மழைக்காலத்தில் உப்பு ஈரம் குடித்து ஒரு பக்கம் தாழ, "டீச்சர், உப்பு பாரமாப் போச்சு!" என்று பிள்ளைகள் கத்தினார்கள். ஏன் என்று அவர்கள் அடித்துக்கொண்டதே அன்றைய பாடம். சிரித்துச் சிரித்து உங்கள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

நீங்கள் மௌத்தாகி அடக்கம் முடிந்ததும் அதிபர் அலுமாரியில் உங்கள் பெயரை ஒட்டினார். திறப்புக் கேட்டு நீங்கள் நின்ற அதே வாசலில் நின்று கண்கலங்கப் பேசினார். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

நாளை யாரோ பார்க்க வருகிறார்களாம், அதற்குத்தான் இன்று திறந்தார்கள். உள்ளே பொட்டலங்கள் கசிந்து கம்பியைத் தின்றிருந்தன. தொட்டதும் இரண்டு தராசும் முறிந்து கையோடு வந்துவிட்டன. எந்தப் பிள்ளையும் உடைக்கவில்லை, டீச்சர்.

அதிபர் நேரே என் வகுப்புக்கு வந்தார். பிள்ளைகள் நடுவே உங்கள் கோணல் தராசு ஆடிக்கொண்டிருந்தது.

"இதும் அவ செஞ்சதுதானே? அலுமாரியில வெக்க வேற தராசு ஒன்டுமில்ல."

"இல்ல சேர், புள்ளைகள் செஞ்ச. வெறும் குப்பை," என்றேன்.

போய்விட்டார். நான் சொன்னது முழுப் பொய்யுமல்ல. சிரட்டை, கயிறு, உப்பு எல்லாவற்றையும் பிள்ளைகள் உடைத்து உடைத்து மாற்றிவிட்டார்கள். உங்கள் கை பட்டதென்று மிஞ்சியிருப்பது அந்தக் கம்பியின் கோணல் மட்டும்தான். அதை நிமிர்த்த நான் யாரையும் விடுவதில்லை.