திரு இருதயப் படத்துக்குக் கீழே ஒரு கலண்டர்

நேற்று மாலை மாதா சுரூபம் என் வீட்டுக்கு வந்தது. பக்கத்துத் தெருப் பெண்கள் இரண்டு பேர் அந்தக் கண்ணாடிப் பெட்டியைத் தூக்கி வந்து மேசையில் வைத்தார்கள். செபமாலை முடிந்து, எல்லோரும் பிளேன்டீ குடித்துவிட்டுப் போன பிறகு, தூசி துடைப்பதற்காகப் பெட்டியைத் திருப்பினேன். பின்பலகையில் நீ ஒட்டிய தாள் அப்படியே இருக்கிறது. ஒக்டோபர் மாதத்தில் எந்த நாள் எந்த வீடு என்று உன் கையெழுத்தில் எழுதிய பட்டியல். எட்டாவது பெயர் என்னுடையது. அதன்மேல் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு. எல்லாப் பெயர்களுக்கும் கடைசியில், நீல மையில், மறுபடியும் என் பெயர்.

நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்ததும் கண்ணீர் வரும் என்று நினைத்தேன். கோபம்தான் வந்தது. செத்துப்போனவள்மேல் கோபப்படக்கூடாது என்பார்கள். உன்மேல் கோபப்பட எனக்கு உரிமை இருக்கிறது, வேறு யாருக்கு இருக்கிறது?

புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், ஒரே லயத்து வரிசை வீடுகளில், சுவருக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் நீயும் பிறந்தோம். ஒரே நாளில் கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கிப் புதுநன்மை எடுத்தோம். நீ படித்துக் கண்டியில் ஒரு கந்தோரில் கிளார்க் ஆனாய். எனக்குப் படிப்பு ஏறவில்லை, தையல் ஏறியது. அக்குறணைக் கடைகளுக்குப் பிள்ளைகளின் சீருடை தைத்துக் கொடுத்துப் பிழைக்கிறேன். கல்யாணம் கட்டிய பிறகும் கடுகண்ணாவைப் பாதையில் இரண்டு தெரு தள்ளி இரண்டு பேரும் வீடு பிடித்தோம். நம் வீட்டுக்காரர்கள் இரண்டு பேரும் நம்மைப் பார்த்து, "இதுங்க ரெண்டும் ஒண்ணையொண்ணு கட்டியிருக்கலாம்" என்று சொல்லிச் சிரிப்பார்கள். அப்படிப்பட்ட நமக்குள் ஒரு அரசியல்வாதி வந்தார்.

அவர் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் நீ மறுபடியும் முகத்தைத் திருப்பிக்கொள்வாய்.

நான் எதற்கு அவர் பின்னால் போனேன் என்று உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே தெரியாத மாதிரி இருந்தாய். என் தம்பிக்கு வேலைக்கு நேர்முகப் பரீட்சைக் கடிதம் வந்தது. அது அவன் கைக்கு வரவில்லை. லயத்தில் ஐம்பது காம்பராவுக்கும் சேர்த்து ஒரே விலாசம்தானே, தோட்டத்து ஆபீஸ். அங்கே அலுமாரிமேல் கிடந்து, பரீட்சை நாள் முடிந்து ஒரு கிழமைக்குப் பிறகு கைக்கு வந்தது. அவன் அந்தக் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு மாதம் அலைந்தான். நீயும் பார்த்தாய். நீயும் அழுதாய்.

அதற்குப் பிறகுதான் கண்டியில் அவர் கூட்டத்துக்குப் போனேன். துணி வாங்கப் போனவள், சத்தம் கேட்டு நின்றேன் என்பதுதான் உண்மை. சிங்களத்தில் பேசினார், ஒருவர் தமிழில் சொன்னார். "உங்களுக்கு வீடு தருவதாக எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் பெயருக்கு வரும் கடிதம் உங்கள் கதவுக்கு வர வேண்டும். அதற்கு ஒரு விலாசம் வேண்டும். அதைச் செய்வேன்" என்றார். துணிப் பையைப் பிடித்தபடி அங்கேயே நின்றேன். நம் சனத்தின் வலியை மேடையேறிச் சொன்னவர்கள் பலர் உண்டு. எங்கே வலிக்கிறது என்று சரியாக விரல் வைத்தவரை அன்றுதான் பார்த்தேன்.

ஆனால் அவர் கோயிலுக்கும் போகமாட்டார், விகாரைக்கும் போகமாட்டார். யாரோ கேட்டதற்கு, "எனக்குக் கும்பிடும் பழக்கமில்லை, கும்பிடுகிறவர்களை நான் தடுப்பதுமில்லை" என்று வெளிப்படையாகச் சொன்னார். அது பேப்பரில் வந்த அன்று நீ பேப்பரோடு வந்தாய்.

"சாமி வேணாங்கிற ஆளு நம்ம சனத்துக்கு என்னாத்தச் செய்யப் போறான்?"

"சாமி வேணும்னு சொன்னவங்க எல்லாம் செஞ்சு கிழிச்சிட்டாங்களாக்கும்."

"ஞாயித்துக்கெழமை நன்மை எடுக்கிற வாய்டி அது. அந்த வாயால அவனுக்குக் கோஷம் போடுறியே."

"அதே வாயாலதான் சோறும் திங்கிறேன், உன்னையும் திட்டுறேன். வாய் ஒண்ணுதானே இருக்கு."

அன்று நீ சிரித்தாய். அதுவரை சிரிக்கிற அளவில்தான் இருந்தது.

பிறகு அந்த ஒக்டோபர் வந்தது. கட்சிக்காரர்கள் கொடுத்த கலண்டர் ஒன்று என் வீட்டில் தொங்கியது, அதில் அவர் படம். அது தொங்கிய இடம்தான் வினையாகிப்போனது. முன்னறைச் சுவரில் திரு இருதய ஆண்டவர் படம், அதன் கீழே சின்னச் சிவப்பு பல்ப். எல்லாக் கத்தோலிக்க வீட்டிலும் இருப்பதுதான். பல்ப் வயரைச் சுற்றுவதற்கு அடித்த ஆணியில் கலண்டரைக் கொளுவியிருந்தேன். அந்தச் சுவர் ஆணி இறங்காத கல் சுவர். வேறு எங்கே அடித்தாலும் ஆணிதான் வளையும். வாசலில் நின்று பார்த்தால், ஆண்டவருக்கு எரிகிற பல்ப் கலண்டரில் இருப்பவர் நெற்றிக்கு நேரே எரிகிற மாதிரி இருக்கும். தினமும் வீட்டுக்குள்ளேயே இருக்கிற எனக்கு அது கண்ணில் படவில்லை.

உங்கள் கண்ணில் பட்டது. தூறலில் பாட்டோடு வந்தீர்கள். சுரூபத்தைச் சுமந்தவள் நீ. வாசற்படியில் வந்ததும் கோயில் சபைத் தலைவர் கையை நீட்டி எல்லோரையும் நிறுத்தினார். பாட்டு பாதியில் நின்றது.

"இது என்னா கூத்து? மனுசனுக்கு வெளக்கு ஏத்தி வச்சிருக்கீங்க. அதக் கழட்டுங்க. பிறகுதான் மாதா உள்ள வருவா."

அது ஆணி விஷயம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். எல்லோரும் சிரித்துவிட்டு உள்ளே வந்திருப்பார்கள். நான் சொல்லவில்லை. ஏன் இங்கே தொங்குகிறது என்று அவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கழட்டு என்றார். என் வீட்டுச் சுவரில், என் வாசலில் நின்றுகொண்டு, கழட்டு என்றார்.

"கழட்ட மாட்டேன்" என்றேன். "போன திருவிழாவுக்குப் பழைய கட்சித் தலைவர் வந்தப்போ பீடத்துக்கு முன்னால ஒக்காரக் கதிரை போட்டு, மாலையும் போட்டீங்க. அவருக்குக் கோயிலுக்குள்ளயே கதிரை. எங்க தலைவருக்கு எஞ் சுவத்துல ஒரு ஆணி கூடாதா?"

அவர் முகம் கறுத்தது. நான் உன்னைப் பார்த்தேன். எனக்கு உன் ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. நீ பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாய்: "ஒரு சுவத்துல ரெண்டு ஆண்டவராடி?"

பிறகு திரும்பி நடந்தாய். ஊர்வலம் அடுத்த வீட்டுக்குப் போனது. பிள்ளைத்தாச்சி மாதாவுக்கு இடமில்லை என்று கதவடைத்த ஊரைப் பற்றி ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் நாம் வருத்தத்தோடு பாடுகிறோம். அன்று என் கதவு திறந்திருந்தது. விளக்கு, பூ, பாய், பிளேன்டீக்குக் கொதித்த தண்ணீர், எல்லாம் இருந்தன. மாதாவைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போனவர்கள் நீங்கள். இதை அன்றே உரக்கக் கத்தியிருக்க வேண்டும். அடுப்பை அணைக்கத்தான் போனேன்.

மறுநாள் பட்டியலில் என் பெயரைக் கோடு போட்டு அடித்துவிட்டாய் என்று கேள்விப்பட்டேன். அடுத்த ஞாயிறு பூசைக்கு முதல் ஆளாகப் போய் முன் வரிசையில் உட்கார்ந்தேன். நன்மை எடுக்கப் போகும்போது சிலர் முணுமுணுத்தார்கள். போனேன், எடுத்தேன், வந்தேன். கூட்டங்களுக்கும் போனேன். இரண்டில் ஒன்றை விடு என்று யாரும் நேரில் சொல்லவில்லை, ஆனால் எல்லோர் கண்ணும் அதைத்தான் சொன்னது. நான் இரண்டையும் விடவில்லை. அவருக்கு நான் முழந்தாளிடவில்லை, ஓட்டுத்தான் போட்டேன். முழந்தாளிடுவது யாருக்கு என்று எனக்குத் தெரியும். இந்த வித்தியாசம் ஏழாம் வகுப்போடு நின்ற எனக்கு விளங்கியது. பட்டம் எடுத்த உனக்கு விளங்கவில்லையே என்பதுதான் என் ஆற்றாமை.

ஒரு வருடம் நாம் பேசவில்லை. பஸ்ஸில் ஒருநாள் நீ முன்னால் ஏற, நான் பின்னால் இறங்கினேன். அதற்குள் தேர்தல் வந்தது, அவர் வென்றார். தெருவில் பட்டாசு வெடித்தது. உன் வீட்டு வாசலைத் தாண்டும்போது நான் கொடியை மடக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். பயத்தால் அல்ல. உனக்கு உடம்பு சரியில்லை என்று அப்போதுதான் கேள்விப்பட்டிருந்தேன்.

அடுத்த ஒக்டோபரின் கடைசி நாள், பின்னேரம், ஒரு ஓட்டோ வந்து நின்றது. நீ மட்டும் இறங்கினாய். சேலை உன்மேல் நிற்காமல் வழுக்கிக்கொண்டிருந்தது, அவ்வளவு மெலிந்திருந்தாய். ஓட்டோக்காரர் பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டுப் போனார். நீ வாசலில் நின்று சுவரைப் பார்த்தாய்.

"வருசமே முடிஞ்சு போச்சு. இன்னும் கழட்டலையாடி?"

"கழட்டச் சொன்னீங்கல்ல, அதான் கழட்டல. அந்தச் சுவத்துல வேற ஆணியும் எறங்காது."

நீ கலண்டரைப் பார்த்தாய், பல்பைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய்.

"இத அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"யாரு கேட்டா?"

இருமல் வரும்வரை சிரித்தாய். உனக்குச் சுடுதண்ணீர் கொடுத்து முதுகைத் தடவிவிட்டேன். முதுகெலும்பு ஒவ்வொன்றாகக் கையில் தட்டுப்பட்டது. அப்போதுதான் எனக்கு உண்மையில் பயம் வந்தது. இதோடு நாம் வீணாக்கிய அந்த ஒரு வருடமும் கண்ணுக்கு முன்னால் வந்தது. என் வீம்புக்கு நான் மன்னிப்புக் கேட்கவில்லை, நீயும் கேட்கவில்லை. நாம் இரண்டு பேருமே அப்படித்தான்.

இரண்டு பேராகச் செபமாலை சொன்னோம். மாலையின் கடைசிப் பத்து மணிகளை உருட்டும் முன் நிறுத்தினாய்.

"இது உன் தலைவருக்கு."

"அவருக்குத்தான் இதுல நம்பிக்கை இல்லையே."

"அவருக்கு இல்லாட்டி என்னா, நமக்கு இருக்குல்ல. இம்புட்டுப் பாரத்தத் தூக்குறவருக்கு எவளாவது செபம் சொல்லணும்ல."

சொல்லி முடித்ததும் என் கையைப் பிடித்தாய். "ஒண்ணு சொல்றேன், கேளு. அவரு சொன்னதச் செய்யாம விட்டு, நீ வாய மூடிக்கிட்டு இருந்தேன்னு வையி, நீ அவரக் கும்பிடுறன்னு அன்னிக்கு வாசல்ல நாங்க நெனச்சதுதான் சரின்னு ஆயிரும்."

ஆஸ்பத்திரியில் கடைசியாக உன்னைப் பார்த்த அன்று உன் முகம் தெளிவாக இருந்தது. "காலையில ஆண்டவரோட நல்லாச் சண்டை புடிச்சேன்டி. ஏன் இப்படிப் பண்ணுனீங்கன்னு கேட்டேன். அவரு ஒண்ணும் கோவிக்கல" என்றாய். அடுத்த கிழமை உன்னை மண்ணில் வைத்தோம். மன்றாட்டு வாசிக்கச் சபைத் தலைவர் என்னைத்தான் கூப்பிட்டார். வாசித்தேன், குரல் நடுங்காமல்.

உனக்கு ஒரு செய்தி சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். விலாசம் இன்னும் வரவில்லை. ஒரு வருடம் போய்விட்டது, நம் லயத்துக் கடிதங்கள் இன்னும் அந்த ஆபீசுக்குத்தான் போகின்றன. போன மாதம் கண்டியில் கட்சிக் கூட்டம். கேள்வி இருந்தால் கேளுங்கள் என்றார்கள். நான் எழுந்து கேட்டேன்.

மேடையில் இருந்த அமைப்பாளர் புன்னகை மாறாமல், "அக்கா, நம்ம ஆளுங்களே இப்படிக் கேட்டா எப்படி? தலைவர் மேல நம்பிக்கை வேணாமா? உக்காருங்க" என்றார். பின்னால் ஒருவர், "கோயில் ஆளுங்க, அப்படித்தான் பேசுவாங்க" என்றார். கேட்டாயா? கோயிலில் நான் கட்சி ஆள், கட்சியில் நான் கோயில் ஆள்.

"நம்பிக்கை இருக்கறதாலதான் கேக்குறேன்" என்றேன். "நான் ஆண்டவரையே கேள்வி கேட்டுத்தான் கும்பிடுறேன். இவர எப்படிக் கேக்காம விடுவேன்? எப்ப வரும்னு சொல்லுங்க, உக்கார்றேன்."

அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார், கடிதாசிகளைப் புரட்டினார். நான் உட்காரவில்லை. கால் வலித்தது. அந்த நேரத்தில் நீ பக்கத்தில் இருந்திருந்தால் சேலைத் தலைப்பை இழுத்து உட்காரச் சொல்லியிருப்பாய் என்று நினைத்தேன். பிறகு யோசித்தேன். இல்லை, இழுத்திருக்க மாட்டாய். நீயும் எழுந்து நின்றிருப்பாய்.