உன் மெட்ராஸில் மட்டும் மதியம் கடை மூடும்

இன்று மதியம் பூனாவின் 'அப்பா பல்வந்த் சௌக்' கடைத்தெருவுக்கு ஒரு மைப்புட்டி வாங்கப் போனேன். தாப்போடியில் பஸ் ஏறி, வழியெல்லாம் கம்பியைப் பிடித்து நின்றபடி போய் இறங்கி, கடை வாசலில் நான் கால் வைக்கவும் கடைக்காரர் ஷட்டரை இழுத்து விடவும் சரியாக இருந்தது. ஒரே ஒரு மைப்புட்டி, எடுத்துக் கொடுத்துவிட்டு மூடுங்கள் என்று மராத்தியில் கெஞ்சிப் பார்த்தேன். மனிதர் கைக்கடிகாரத்தைக் காட்டி, நாலு மணிக்கு வரச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

ஷட்டர் தரையில் வந்து மோதிய சத்தத்தில் உன் ஞாபகம் வந்தது. உன் ஞாபகம் வந்ததும் கோபம் வந்தது. பாதி உன் மேல், பாதி சென்னையில் இருக்கிற சில பேர் மேல். திரும்பிப் போகவும் மனமில்லாமல் கடைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அங்கே உட்கார்ந்து உன்னோடு மனதுக்குள் போட்ட சண்டையைத்தான் இப்போது எழுதுகிறேன்.

நீ போய் இரண்டு மழைக்காலம் முடிந்துவிட்டது. உன் காரியத்துக்குக் கசார்வாடி கம்பெனி ஆட்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். நல்ல ஸ்டோர் கீப்பர், எந்த அலமாரியில் எந்த நட்டு இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார் என்று ஆளாளுக்குப் புகழ்ந்தார்கள். நூறு பேருக்கு மேல் கொலை செய்த ஆள் நீ என்பது அந்தக் கூட்டத்தில் எனக்கும் உன் மகளுக்கும்தான் தெரியும். சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள் என்று வாயை மூடிக்கொண்டு வந்தேன். அன்றைக்கே எழுந்து நின்று சொல்லியிருக்க வேண்டும்.

நீ துப்பறியும் நாவல்கள் எழுதியதெல்லாம் வேலை முடிந்து ரத்தான ஜாப் கார்டுகளின் பின்பக்கம்தான். அந்த இளஞ்சிவப்பு அட்டைகளில், சாப்பாட்டு நேரத்திலும் கம்பெனி பஸ்ஸிலும் கிறுக்கி வைப்பாய். உன் கையெழுத்தைச் சென்னையில் எவனும் படிக்க முடியாது. நம் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவன் நான் என்பதால் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் முழுவதையும் நான்தான் உட்கார்ந்து பெயர்த்து எழுதுவேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து வடா பாவ் தின்றுகொண்டு, கொலைகாரன் யார் என்று கண்டுபிடித்துவிட்டேனா என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பாய். எழுதி முடித்ததும் முதல் தாளில் தலைப்பும் அதன் கீழே ஒரு பெயரும் எழுதச் சொல்வாய். போலீஸ் கதை என்றால் கேப்டன் மாறவேல். குடும்பத்துக்குள் நடக்கிற கொலை என்றால் நளினப்ரியா. புத்தியால் துப்புத் துலக்குகிற கதை என்றால் தீபசேகரன். ஒரே ஆள் மாதத்துக்கு மூன்று கதை எழுதுகிறான் என்று தெரிந்தால் வாசகன் வாங்க மாட்டான் என்று பதிப்பாளர் சொன்னாராம். அந்தப் பெயர்களெல்லாம் ஆபீஸுக்குச் சொந்தம் என்று எழுதியும் வாங்கிக்கொண்டார்களாம். நீ மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டாய்.

உன் சொந்தப் பெயரில் ஒன்றாவது எழுது என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன். "பேர்ல இன்னாய்யா கீது, செத்தவன் யாரு, கொன்னவன் யாரு, அதான் படிக்கிறவனுக்கு வேணும்" என்பாய். எனக்கு அப்போதே எரிச்சலாக இருக்கும். இப்போது அதற்கு மேல் எரிகிறது.

உன் கொலைகள் எல்லாமே சென்னையில்தான் நடக்கும். பூனாவில் நடந்தால் விற்காது என்று சொல்லியிருந்தார்கள். நீயோ சென்னையைப் பார்த்ததே இல்லை. அப்போது நானும்தான். நாம் இரண்டு பேரும் இங்கேயே பிறந்தவர்கள். ஊருக்குப் போனால் அரக்கோணத்திலேயே இறங்கி வேலூர்ப் பக்கம் போய்விடுவோம், மெயில் வண்டி நம்மை விட்டுவிட்டுச் சென்னைக்குப் போகும். ஸ்டோரில் உன் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு சென்னை வரைபடம் வைத்திருந்தாய். அதில் விரலை ஓட்டி ஓட்டித்தான் உன் துப்பறிவாளன் ஸ்கூட்டரில் போவான். எந்தத் தெரு எந்தத் தெருவில் முட்டும் என்பதில் ஒரு தப்பும் இருக்காது. தெருக்களை வரைபடம் சொல்லிவிட்டது. அந்தத் தெருவில் மனிதர்கள் எப்படி இருப்பார்கள் என்பதை மட்டும் நீ இங்கே லக்ஷ்மி ரோட்டைப் பார்த்து எழுதினாய்.

அதனால் உன் சென்னையில் மதியம் ஒரு மணிக்குக் கடைகள் மூடும், நாலு மணிக்குத் திறக்கும். தெருவே காலியாக இருக்கும். கொலைகாரனுக்கு அதைவிட நல்ல நேரம் கிடைக்குமா? அந்த மூன்று மணி நேரத்தில்தான் நீ ஆட்களைக் கொன்றாய். கடைக்காரரைப் பூட்டிய கடைக்குள்ளேயே கொன்றாய். இரண்டரை மணிக்கு எதிர்க்கடையில் சோடா குடித்துக்கொண்டிருந்தேன் என்று ஒருவன் சொல்வான், அந்த நேரத்தில் எந்தக் கடை திறந்திருக்கும் என்று துப்பறிவாளன் அவனை மடக்குவான். நான் கம்பெனியில் இன்ஸ்பெக்ஷனில் இருந்தவன். நூலளவு தப்பிருந்தாலும் கேஜ் வைத்துக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவது என் பிழைப்பு. அந்த வரியை எத்தனையோ தடவை அழகாகப் பெயர்த்து எழுதிய எனக்கு ஒரு தடவைகூட உறுத்தவில்லை. உலகத்தில் எல்லா ஊரிலும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

என் மகன் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க முதல்முறையாகச் சென்னைக்குப் போனபோதுதான் தெரிந்தது. மதியம் இரண்டரை மணி. தியாகராய நகரில் கடைக்குக் கடை கூட்டம் பிதுங்கிக்கொண்டிருந்தது. நான் நடுத்தெருவில் நின்று உனக்குப் போன் போட்டேன். "யோவ், தொறந்துகீதுய்யா" என்றேன். "எத்தினி கட?" என்று நீ கேட்டாய். எல்லாக் கடையும் என்று சொன்னேன். போனை வைத்துவிட்டாய்.

திரும்பி வந்தபோது நீ இடிந்துபோயிருப்பாய் என்று ஆறுதல் சொல்லத் தயாராக வந்தேன். நீ தெளிவாக இருந்தாய். இத்தனை வருடத்தில் ஒரு வாசகனும் இதைப் பற்றிக் கடிதம் போடவில்லை பார்த்தாயா என்று கேட்டாய். இனிமேலாவது மாற்றிக்கொள் என்றேன். "மாத்த மாட்டேன். என் மெட்ராஸ்ல மதியத்துல கட மூடித்தான் இருக்கும்" என்றாய். பாக்கெட் நாவல்கள் நின்றுபோகும் வரை வேண்டுமென்றே அப்படியே எழுதினாய். திமிர் பிடித்த மனிதன் என்று திட்டிக்கொண்டே நானும் பெயர்த்து எழுதினேன்.

நீ போன பிறகு நடந்ததைக் கேள். உன் பழைய நாவல்களை மறுபடி அச்சடிக்கிறார்கள், பளபள அட்டையுடன். அந்த ஆபீஸில் அந்தக் காலத்தில் ப்ரூஃப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர், இப்போது பெரியவராகி, தோளில் சால்வையோடு ஒரு வீடியோவில் உட்கார்ந்து, தீபசேகரன் என்றால் நான்தான் என்கிறார். பேட்டி எடுக்கிறவர் கையெடுத்துக் கும்பிடுகிறார். சென்னையின் ஒவ்வொரு தெருவையும் கால் தேய நடந்து பார்த்துவிட்டுத்தான் எழுதினாராம். அதைக் கேட்டதும் எனக்கு ரத்தம் கொதித்தது. நடந்த மனிதருக்குக் கடை திறந்திருந்தது கண்ணில் படவில்லையா?

அந்த வீடியோவை எனக்கு அனுப்பியது உன் மகள். ஹிஞ்சேவாடியில் கம்பெனி காரில் போகும்போது யாரோ ஒரு கோயம்புத்தூர்ப் பெண் அவளுக்குக் காட்டியிருக்கிறாள். அதன் கீழே அவள் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தாள். "மாமா, அப்பா நம்மகிட்ட சும்மா சொல்லிகினு இருந்தாரா?"

இதற்கு நீதான் பதில் சொல்ல வேண்டும். அவளுக்குத் தமிழ் படிக்க வராது. ஜாப் கார்டுகளை நீயே பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிட்டாய். புத்தகங்களில் எங்கேயும் உன் பெயர் இல்லை. அவள் கையில் இருந்ததெல்லாம் நீ வாயால் சொன்னது மட்டும்தான், அதையும் இப்போது ஒரு சால்வை வந்து அடித்துவிட்டது. பேரில் என்ன இருக்கிறது என்று கேட்டாயே, உன் மகள் அப்பாவைப் பொய்யன் என்று நினைக்கலாமா என்று தவிப்பதுதான் அதில் இருக்கிறது.

நான் சும்மா இருக்கவில்லை. முதலில் போன் செய்தேன். ஆபீஸில் இருந்தவர், பெயர்களெல்லாம் நிறுவனத்துடையது, அந்தக் காலத்தில் பல பேர் எழுதினார்கள், உங்களிடம் ஆதாரம் உண்டா என்று மரியாதையாகவே கேட்டார். ஆதாரம் இருக்கிறது என்று எட்டுப் பக்கம் கடிதம் எழுதினேன். மூன்று பெயர்களிலும் வந்த புத்தகங்களை எடுத்து, மதியம் கடை மூடும் இடங்களைப் பக்க எண்ணோடு குறித்தேன். சென்னையில் இல்லாத வழக்கம் இது, பூனாக்காரன் ஒருவனுக்கு மட்டுமே தோன்றும், மூன்று பேரும் ஒரே ஆள், அந்த ஆள் இவர்தான் என்று உன் பெயரையும் எழுதினேன். உன் துப்பறிவாளனே இவ்வளவு சுத்தமாக ஒரு வழக்கை முடித்ததில்லை.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு பார்சல் வந்தது. உள்ளே தீபசேகரன் நாவல் ஒன்றின் புதிய பதிப்பு, கூடவே ஒரு கடிதம். கூர்ந்து படித்ததற்கு நன்றியாம். சென்னையில் மதியம் கடைகள் மூடும் வழக்கம் இல்லை என்பதைச் சுட்டிக்காட்டியது பெரிய உதவியாம். எல்லா நாவல்களிலும் அந்தப் பிழையைத் திருத்தி வருகிறார்களாம். உன்னைப் பற்றி ஒரு சொல் இல்லை.

புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தேன். கொலை நடக்கும் புதன்கிழமையை ஞாயிற்றுக்கிழமை ஆக்கியிருக்கிறார்கள். ஞாயிறு என்றால் கடை மூடியிருக்கும் அல்லவா, அவ்வளவுதான் அவர்களுடைய மூளை. அதே அத்தியாயத்தில் ஒருவன் பாங்க்கில் பணம் எடுத்துக்கொண்டு வருகிறான். ஞாயிற்றுக்கிழமை எந்த பாங்க் திறந்திருக்கும் என்று எவனும் யோசிக்கவில்லை. ஆனால் எனக்கு அவர்கள் மேல் வந்த கோபத்தைவிட என் மேல் வந்ததுதான் அதிகம். நீதான் எழுதினாய் என்பதற்கு இருந்த ஒரே தடயத்தை நானே பக்க எண் போட்டு எடுத்துக் கொடுத்து அழிக்க வைத்துவிட்டேன். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை உன் மகளை வீட்டுக்கு வரச் சொல்லி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். என் டிரங்குப் பெட்டியில் இருக்கும் உன் பழைய நாற்பது புத்தகங்களையும் எடுத்து வெளியே வைத்தேன். மூன்று பெயர்களில் மூன்று புத்தகங்களை எடுத்து, அந்த இடங்களை மட்டும் வாய்விட்டுப் படித்தேன். அவள் கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள். மூன்றாவதைப் படித்து முடித்ததும், எல்லாவற்றிலும் அதே நேரம் வருகிறதே என்றாள். கெட்டிக்காரி. இதில் ஒரு தப்பு இருக்கிறது, என்ன என்று சொல் பார்ப்போம் என்றேன். வெகுநேரம் யோசித்தாள்.

"மிஸ்டேக் எங்க மாமா? ஒண்ணுலேர்ந்து நாலு வரைக்கும் கடையெல்லாம் பந்த் தானே இருக்கும்?"

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. சென்னையில் அப்படி இல்லை அம்மா, அங்கே மதியம் கடை மூட மாட்டார்கள் என்று சொன்னேன். அவள் அந்தப் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப மெட்ராஸ்காரங்க யாரும் இத எழுதி இருக்க மாட்டாங்க."

"மாட்டாங்க."

"அப்ப அப்பாதான்" என்றாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, உங்கள் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று அப்பா அடிக்கடி சொல்வார், எல்லாப் புத்தகத்திலும் அப்பா பெயரை எழுதிக் கொடுங்கள் மாமா என்று கேட்டாள். எனக்குப் படிக்க வராவிட்டாலும் பரவாயில்லை, அது அப்பா பெயர் என்று தெரிந்தால் போதும் என்றாள்.

அதற்குத்தான் மை. அந்தக் காலத்தில் உன் பிரதிகளை எழுதிய அதே பேனாவைக் கழுவி வைத்திருக்கிறேன், அதற்கு அதே நீலக்கருப்பு மைதான் வேண்டும் என்று பிடிவாதமாகப் போனேன். நாலு மணிக்குக் கடைக்காரர் முகம் கழுவிக்கொண்டு வந்து ஷட்டரைத் தூக்கினார். இவ்வளவு நேரம் இங்கேயேவா உட்கார்ந்திருந்தீர்கள் என்று திகைத்துப்போனார்.

வீட்டுக்கு வந்து முதல் புத்தகத்தைப் பிரித்தேன். பேனாவை வைக்கும்போதுதான் உறைத்தது, இத்தனை வருடங்களில் எத்தனை ஆயிரம் தாள் உனக்காக எழுதியிருப்பேன், உன் பிரதி ஒன்றிலும் உன் பெயரை நான் எழுதியதே இல்லை. பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய அதே கையெழுத்து, சுழி சுழியாக வந்தது. நாற்பதிலும் எழுதினேன். இத்தனை நாள் எனக்குள்ளேயே வைத்திருந்த பெயர் இனி உன் மகள் வீட்டு அலமாரியில் இருக்கும்.

கடைசியாக அவர்கள் அனுப்பிய புதிய பதிப்பையும் எடுத்தேன். தீபசேகரனுக்குக் கீழே உன் பெயரை எழுதினேன். பிறகு அந்த அத்தியாயத்துக்குப் போய், ஞாயிற்றுக்கிழமையை அடித்துப் புதன்கிழமை என்று எழுதி, உன் மெட்ராஸில் கடைகளை எல்லாம் மறுபடி மூடினேன்.